பச்சை மெருகுப் பானை

பச்சை மெருகு போட்ட மண்பானையில் கறுப்பு மொச்சை கொதிக்கிறது. ஜன்னல் வெயில் அந்தப் பளபளப்பில் வழுக்கி விழுகிறது. பானையைச் செய்து கொடுத்த குயவன் எலேயுத்தேரியோ எதிரே உட்கார்ந்திருக்கிறான். என் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த முறையில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. மேஜையில் என் ரத்தப் பரிசோதனைத் தாள் கிடக்கிறது. எனக்குப் படிப்பு அவ்வளவாக ஏறாது. டாக்டரம்மா சிவப்பில் சுழித்த இடம் மட்டும் தெரியும். ரத்தத்தில் ஈயமாம். வாரக்கணக்கில் மலம் இறங்காததும், குடலைத் துணி பிழிவதுபோல் பிழிவதும் அதனால்தானாம். “பானை மெருகுல இருந்து வந்திருக்கு பெரியவரே” என்றாள். போன வருஷம் இந்தப் பானையை வாங்கும்போதே இவனிடம் கேட்டேன். ஈயம் கலக்காத மெருகு என்று குவாதலூப்பே மாதாமேல் சத்தியம் செய்தான்.

“அந்தம்மா பானை வனைஞ்சிருக்காளா, கொம்பாத்ரே? வயசான காலத்துல மிளகாயக் கொறைச்சுக்க” என்று சிரிக்கிறான். கை மட்டும் தொப்பி விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டாக்டர்களை நான் நம்புகிறவன் இல்லை. நம்பியது இவனைத்தான். கிண்ணம் நிறைய மொச்சையை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, சோளரொட்டியோடு அவன் முன்னால் வைக்கிறேன்.

“சாப்பிடு.”

“இப்பத்தான் வீட்டுல சாப்பிட்டேன்.”

“உம் பொண்டாட்டி எதுல ஆக்கினா?”

“இதே மாதிரிப் பானையிலதான்.”

“அப்ப இதுலயும் ரெண்டு வாய் சாப்பிடு.”

தொப்பி சுற்றுவது நிற்கிறது. கிண்ணத்தில் ஆவி அடங்கி, மொச்சைமேல் மெல்ல ஆடை படிகிறது. கரண்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது.