மூளி டைலும் பீடிங்கும்

சமையலறைச் சுவர் திரும்பும் முனையில் ஒட்ட இரண்டே டைல்கள் மிச்சம் இருந்தன. ஒன்றின் விளிம்பு மட்டும் லேசாக மூளியாகியிருந்தது.

"ஏய் மூளி, நம்ம ஓரத்தைச் சாய்வா அறுத்துத்தான் சேர்ப்பாங்க. மூளி ஓரம் அதுக்கு ஆகாது, உன்னைக் குப்பையில போட்டுட்டு வேற வாங்கிடுவாங்க" என்றது மற்றது.

இந்த வீட்டில் இருந்துவிட மூளி டைலுக்கு அவ்வளவு ஆசை.

"நடுவுல நான் நின்னா அறுக்கவே வேண்டாம், தங்கச்சி" என்றது, டைல்களின் ஓரத்தை மூடும் எவர்சில்வர் பட்டையான பீடிங்.

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்று பீடிங்கை அதட்டியது மற்ற டைல்.

மேஸ்திரி ஏற்கெனவே சாய்த்து அறுத்த ஒரு துண்டைத் தடவிப் பார்த்தார். "புள்ளைங்க ஓடியாடுற வீடு, கையக் கிழிச்சிடும்" என்று பீடிங்கை எடுத்தார்.

ஒட்டி முடிந்ததும் மற்ற டைல் எட்டிப் பார்த்தது. "ஏய் மூளி, உன் மூளியக் காணோமே?"

பீடிங் அந்த விளிம்பைத் தன் மடிக்குள் இறுக்கிக்கொண்டு கேட்டது: "எந்த மூளி?"