சீமாட்டி உட்கார்ந்த இடம்

புது மருமகள் உள்ளே போய் உட்கார்ந்ததும், பின்னால் வந்த மாமியார் கதவோடு திரும்பிவிட்டார்.

நடந்தது கோயிலில். ஊரே பார்த்தது.

ஆஷ்கோம்ப் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் முன்வரிசை மாளிகைக்காரர்களுக்கு. ஆளுயரப் பலகை அடைத்து, கதவு வைத்த தனி இடம். துணி வெளுக்கும் ஏவிஸின் மகள் தாமசின், கல்யாணமான முதல் ஞாயிறு, கணவன் ஆம்ப்ரோஸோடு அதற்குள் நுழைந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள், மாமியாரைக் காணோம்.

அர்சுலா சீமாட்டி ஜெபப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி விடுவிடுவென்று நடந்து, பால் கறக்கிறவர்களும் வேலைக்காரிகளும் உட்காரும் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"அம்மாவுக்கு அங்கதான் காத்து நல்லா வருதாம்," என்றான் ஆம்ப்ரோஸ், அசடு வழிய.

ஜனவரிக் குளிரில் யாருக்குக் காற்று வேண்டும்? தாமசின் தலையைக் குனிந்துகொண்டாள். பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கொல்லன் பெண்டாட்டி பார்னெல், முட்டை கொடுக்கிற சாக்கில் மாளிகையின் கொல்லைப்பக்கம் வந்தாள்.

"மனசு கேக்கலடி தாமசின். இப்ப 'அம்மணி'ன்னு கூப்பிடணுமோ? துணி வெளுக்கிறவ பக்கத்துலகூட உக்காருவாங்களாம், உன் பக்கத்துல உக்கார மாட்டாங்களாம். என்ன திமிர்! ஊரே காறித் துப்புது."

அந்த ஒரு வாரத்தோடு போகவில்லை. வருஷக்கணக்காக, ஒவ்வொரு ஞாயிறும் சீமாட்டி அதே கடைசி பெஞ்சில்தான்.

தாமசின் ஒருமுறை அம்மாவிடம் கேட்டாள்.

"என்னம்மா நினைச்சிட்டிருக்காங்க அவங்க? உன் பக்கத்துலதானே உக்கார்றாங்க, உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"பெரிய இடத்து விஷயம். நமக்கெதுக்கு?" என்றாள் ஏவிஸ். "நீ மட்டும் உன் இடத்தை விட்டு எந்திரிக்காதே."

வீட்டில் சீமாட்டி கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. விருந்தில் யாருக்கு முதலில் பரிமாறுவது, ஊர்ப் பெரிய மனிதர் வந்தால் எதுவரை எழுந்து போய் வரவேற்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார். குழந்தை பிறந்தபோது, கணப்பு உள்ள தன் அறையையே ஒழித்துக் கொடுத்தார். ஜூன் மாதம் பன்னீர் காய்ச்சுவதற்கு ரோஜா இதழ்களை மேஜையில் கொட்டி, ஏதோ பழைய பாட்டை முனகியபடி ஆய்ந்துகொண்டிருப்பார். "வா, நீயும் உக்காரு," என்பார்.

தாமசின் உட்காருவாள். ஆனால் மனசு விட்டு ஒருநாளும் பேசியதில்லை. அடுத்த ஞாயிறு வந்துவிடுமே!

இந்த வசந்தத்தில் சீமாட்டி போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து தாமசின் அம்மாவின் குடிசைக்கு வந்தாள். கறுப்புத் துணியைக் களையாமலேயே அடுப்பருகே உட்கார்ந்தாள்.

"வீடு வெறிச்னு கிடக்கும்மா. அந்த முனகல் பாட்டு இல்லாம என்னமோ போல இருக்கு. ரோஜா பூக்கிறப்போ என்ன பண்ணப் போறேன்னு தெரியல. பிடிக்காதவங்களுக்காக மனசு இப்படி அடிச்சுக்குமா?"

ஏவிஸ் இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நீ ஏம்மா இப்படி அழறே? நம்மள மனுஷங்களாவே மதிக்காதவங்கதானே அவங்க?"

ஏவிஸ் விருட்டென்று நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு கோபத்தைத் தாமசின் பார்த்ததே இல்லை.

"வாயை மூடுடி! யாரு மதிக்காதவங்க? அன்னிக்குக் கோயில்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? பலகைக்கு அந்தப் பக்கம் நீ என்னத்தைக் கண்டே?"

தாமசின் மலைத்துப்போனாள்.

"எப்பவும் போல என் இடத்துல உக்காரப் போனேன். பார்னெல் பாவாடையை விரிச்சுப் போட்டுட்டா. 'மாளிகைக்கே சம்பந்தி ஆயிட்டே, எங்க கூட உனக்கென்ன வேலை? முன்னாடி போ'ன்னா. மத்தவளுங்க சிரிச்சாளுங்க. ஒருத்தியும் நகரல. முன்னாடி போக எனக்கேது யோக்கியதை? அத்தனை பேர் பார்க்க நடுவுல நின்னேன். பூமி பிளந்து உள்ள போயிடக் கூடாதான்னு இருந்துச்சு."

"பார்னெலா?"

"அப்பத்தான் அவங்க வந்தாங்க. 'நகருங்கடி, நானும் என் சம்பந்தியும் உக்காரணும்'னாங்க. கூடவே உக்காந்தாங்க. முன்னாடி வரச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க, எனக்குத்தான் கூச்சம், மாட்டேன்னுட்டேன். 'அப்ப நானும் வரல'ன்னு, சாகுற வரைக்கும் என் பக்கத்தை விட்டுப் போகல."

தாமசின் அம்மாவின் கையைப் பிடித்தாள். "இத்தனை வருஷம் என்கிட்ட ஏம்மா சொல்லலை? நான் அவங்களை என்னென்ன நினைச்சேன் தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்களே! நானும் கேட்டேன், 'ஊரே உங்களைத் திமிர் பிடிச்சவங்கன்னு பேசுதே, அவளும் அப்படித்தானே நினைப்பா'ன்னு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

ஏவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'தெரிஞ்சா அவ எந்திரிச்சு உன் பக்கத்துல வந்துடுவா. அப்புறம் இந்த ஊர் அவளை அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே விடாது. என்னை என்ன வேணா நினைச்சிட்டுப் போகட்டும் ஏவிஸ், நம்ம பொண்ணு அங்கயே உக்காரட்டும்'னாங்கடி."