கைப்பிடி இல்லாத குழாய்

பள்ளித் தோட்டத்துக் குழாயின் கைப்பிடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதுவும் எந்த நேரத்தில்? வெள்ளரிக்கொடி சுருண்டு, தக்காளி இலையெல்லாம் மஞ்சளடித்துக் கிடக்கிற நேரத்தில்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கொத்திப் போட்ட தோட்டம் அது. பருவம் முடிவதற்குள் காய் கண்ணில் படாவிட்டால் இடம் சைக்கிள் நிறுத்தப் போய்விடும். தலைமை ஆசிரியர் சொன்னால் சொன்னதுதான்.

ஆபீசில் கேட்டார்கள். புதுக் கைப்பிடிக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

திருடன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பக்கத்து வகுப்புதான். அவர்கள் சைக்கிள்கள்தானே வெயிலில் காய்கின்றன.

சண்டைக்குக் கிளம்பினார்கள். வாசலை மறித்து நின்றாள் வகுப்புத் தலைவி. அவளுக்கு மைக்செட் என்று பெயர். அவள் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

"எடுத்ததப் பாத்தியா? பாக்கலல்ல? போய் உக்காரு."

"அவங்க உனக்கு யாரு, மாமனா மச்சானா?" என்றான் ஒட்டடைக்குச்சி. ஆள் உயரம். கோபமும் அதே உயரம்.

அன்றிலிருந்து பாதி வகுப்பு அவளோடு பேசவில்லை. மீதிப் பாதி பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

தண்ணீருக்கு இப்போது மாடிக் கட்டடம் வரை நடக்க வேண்டும். முறை வந்தவன் முனகிக்கொண்டே ஒரு பாட்டில் கொண்டுவந்து ஊற்றுவான். முறை இல்லாதவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செடிகள் செத்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். துளிர்த்தன. பூத்தன. பருவத்தின் கடைசியில் தக்காளி கூடைக்குள் அடங்கவில்லை. தலைமை ஆசிரியர் வந்தார், ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தார், சைக்கிள் பேச்சை எடுக்காமல் போய்விட்டார்.

கொண்டாட்டம் தோட்டத்திலேயே. பக்கத்து வகுப்பையும் மைக்செட் கூப்பிட்டிருந்தாள். முதல் தட்டும் அவர்களுக்குத்தான். ஒட்டடைக்குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உயிரியல் டீச்சர் ஓரமாகப் பட்டுப்போயிருந்த ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்து அழுகியிருந்தது.

"இது காஞ்சு சாகல. முங்கிச் செத்திருக்கு. அந்தக் குழாயில கைப்பிடி இருந்தப்போ எத்தன பேர்டா ஊத்துனீங்க?"

முறைக்காரர் மட்டும்தான் என்றார்கள். டீச்சர் விடவில்லை. கடைசியில் ஒட்டடைக்குச்சி தலையைச் சொறிந்தான்.

"இவங்கள நம்ப முடியாதேன்னு... நான் மட்டும் தினமும் ஒரு வாளி..."

"நீயுமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்புறம் வரிசையாக வந்தது. முறை வைத்துக் கொடுத்தவள் மைக்செட். அதன்படிதானே ஊற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் தலையாட்டியவர்கள் இவர்கள். ஒருவரையொருவர் நம்பாமல், யாருக்கும் தெரியாமல், ஆளுக்கொரு வாளி ஊற்றியிருக்கிறார்கள். வாடினதைப் பார்த்து இன்னும் ஒரு வாளி.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒட்டடைக்குச்சிக்கு உறைத்தது. கைப்பிடி காணாமல் போயிருக்காவிட்டால் ஒரு செடி மிஞ்சியிருக்காது. இருப்பதில் பெரிய தக்காளியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்காரர்களிடம் போனான்.

"நீங்க எடுத்தது எங்களுக்கு நல்லதாப் போச்சுப்பா."

"நாங்க எடுக்கவே இல்லையே."

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இத்தனை கூத்துக்கும் வாயே திறக்காமல், குனிந்த தலை நிமிராமல் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

மைக்செட்.