மூச்சு வாங்காத மிஸ்

விளையாட்டு ஆசிரியை ஆகப் படித்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. பள்ளிக்குப் பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகத் தெரிய வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அதனால் பள்ளியில் பிள்ளைகள் எப்போதும் மாட்டியிருக்கும், காட்சியையும் ஒலியையும் மாற்றித் தரும் கணினிக் கண்ணாடி அவளுடைய தொப்பையையும் உப்பிய முகத்தையும் கரைத்து, வியர்வையைத் துடைத்து, இரைக்கும் குரலையும் சீராக்கிக் கொடுத்தது. முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகப்போக அலுத்துவிட்டது.

அன்று மைதானத்தைச் சுற்றி முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள், பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆறாம் வகுப்பு மதிவதனி மயங்கிக் கிடந்தாள். ஓடிப்போய் மடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்ததும் பிள்ளை கண் விழித்தது.

“முடியலன்னா நின்னுருக்கலாம்ல புள்ள?”

“உங்களுக்கு மூச்சே வாங்கலியே மிஸ். எனக்கு மட்டும் வாங்குச்சு, அசிங்கமா இருந்துச்சு. அதான் அடக்கிக்கிட்டே ஓடுனேன்.”

ஜெசிந்தாவுக்கு இன்னும் இரைப்பு அடங்கவில்லை. இந்தக் கூத்து போதும் என்று சலித்துப்போய், பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றினாள்.

தன்னை மடியில் வைத்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் பருத்த பெண்ணை மதிவதனி மிரண்டு பார்த்தாள்.

“அக்கா, எங்க மிஸ்ஸக் கூப்பிடுங்களேன்.”