கூப்பிட்ட குரல்

வரிசையில் அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சரணடைந்த பிள்ளைகளை இராணுவம் அடைத்துவைத்திருந்த முகாமின் வாசலில் ஒரு கம்பத்தில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். தேடி வந்த தாய்மார் ஒவ்வொருவராக அதன் முன் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருந்தால் அவன் வேலியடிக்கு வருவான். வராவிட்டால் அடுத்த ஆள்.

எல்லாம் ஒழுங்கு. ஒலிபெருக்கியை எப்படிப் பயன்படுத்துவது என்று இராணுவத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுக்கு முன்னால் நின்ற தவமலர் காலையிலிருந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். பதில் வராததால் ஊமை என்று முடிவுகட்டிவிட்டாள். இரக்கப்பட்டுத் தன் போத்தலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரோடு தன் கதையையும் சொன்னாள்.

சண்டையின் கடைசி நாட்களில் இராணுவத்தின் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஒரு தாயின் குரல் கேட்டதாம். பகலும் கேட்டது, இரவும் கேட்டது. தவமலரின் மகன் நிமலன், தாய் செத்துப்போனாள் என்று நம்பியிருந்தவன். அந்தக் குரல் காதில் விழுந்ததும் துவக்கைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான். கைகளைத் தூக்கிக்கொண்டு, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு போனானாம். கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அவனை ஏற்றிய லொறி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

கூடாரத்துக்குள் இருந்து அந்தக் குரலைக் கேட்ட தவமலருக்கே அழுகை வந்ததாம்.

கேட்டுக்கொண்டிருந்தவள் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினாள்.

அந்தக் குரல் அவளுடையது.

வானொலி நாடகங்களில் பல வருடங்கள் அம்மாவாக அழுதவள். அழுகையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அதனால்தான் இராணுவத்தினர் தேடி வந்தார்கள். வந்தவர்கள் மிகவும் மரியாதையானவர்கள். தேநீர் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் வெளியே வந்தால் விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள்.

அவளுடைய மகனும் அந்தப் பக்கம்தான் இருந்தான்.

நம்பினாள். நம்பத்தான் வேண்டியிருந்தது.

வாசிக்கக் கொடுத்த தாளில் ‘அன்பு மகனே’ என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எந்தத் தாய் அப்படிக் கூப்பிடுவாள்? எங்கள் ஊர்களில் பெற்ற பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம் என்று விளக்கினாள். பேனையை வாங்கித் தானே வெட்டித் திருத்தினாள். பெயர் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள். தம்பி என்றால் போதும், ஒவ்வொருவனும் தன்னைத்தான் என்று நினைப்பான்.

அதிகாரி தலையாட்டினார். நல்ல யோசனை என்று பாராட்டினார்.

தம்பி, வாடா ராசா, அம்மா சோறு போட்டு வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்.

ஒரே தடவையில் ஒலிப்பதிவை முடித்தாள். திரும்ப எடுக்கத் தேவைப்படவில்லை. படுபாவி, உண்மையாகவே அழுதாள். தன் பிள்ளையை நினைத்து அழுதாள். அதுதான் எடுபட்டது.

பிறகு நன்றி சொல்லி வாகனத்தில் ஏற்றி அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சொன்னபடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

இந்த வரிசையில் நிற்கும் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டவர்கள்.

தவமலரின் முறை வந்தது. நிமலன், நிமலன் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. காவலில் நின்றவன் போதும் என்று கையை அசைத்தான்.

அவள் தன் மகனின் படத்தைத் தவமலரிடம் நீட்டினாள். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தது. தவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்காகவும் கூப்பிட்டாள்.

“இராசநாயகம் கஜரூபன்! உன்ர அம்மா வந்து நிக்கிறா. ஓடி வா அப்பன்.”

உள்ளே தகரக் கொட்டகைகள் வெயிலில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற சில பையன்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குக் குளித்தார்கள். யாரும் வேலிப்பக்கம் வரவில்லை.

காவல்காரன் அடுத்த ஆளைப் பார்த்தான்.

இவ்வளவுதானா? இருக்கிறானா, இல்லையா என்றுகூடத் தெரியாமல் திரும்பிப் போவதா? பெற்ற வயிறு கேட்கவில்லை. என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று மைக்கைப் பறித்தாள்.

தம்பி என்று கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

தொட்டியடியில் ஒரு வாளி விழுந்தது.

கொட்டகைகளுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்தினான். அவளுக்குப் பின்னால் வரிசையில் பேச்சு நின்றுபோனது.

அப்போதுதான் கண்டாள்.

கடைசிக் கொட்டகையின் பக்கமிருந்து கஜரூபன் வந்துகொண்டிருந்தான். தவமலர் கூப்பிட்டபோதே புறப்பட்டிருக்கிறான். ஊன்றுகோலோடு வருவதால் தாமதம். பாதித் தூரம் வந்திருந்தான்.

இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

அவன் நின்றான். ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தான். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் மைக்கோடு நிற்கும் அவளைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

உயிரோடு இருக்கிறான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவன் ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றினான். வந்த வழியே போகத் தொடங்கினான்.

அவள் கையிலிருந்து மைக் நழுவியது. தவமலர் அதைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். தவமலர் மைக்கை அவள் வாயோடு சேர்த்து அழுத்தினாள்.

“என்ர பிள்ளையைக் கூப்பிடு. உன்ர குரலுக்குத்தானே எழும்பிப் போனவன்.”