சிவப்புப் பொட்டு

பிடிபட்ட அத்தனை பேர் முதுகிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. வாளியைக் கரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

ஆட்கள் இல்லை, நத்தைகள். கூடப் படிப்பவர்கள் கோடை ஆய்வுக்குச் சிறுத்தை, திமிங்கிலம் என்று கிளம்ப, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்து நத்தைகளை நான் தேர்ந்தெடுத்தேன். என் சுறுசுறுப்புக்கு, ஓடித் தப்பிக்காத உயிர்தான் சரிப்படும்.

"நத்தைக்குப் பொட்டு வைக்கவா உன்ன காலேஜுக்கு அனுப்பினேன்?" வண்டிகளுக்கு நம்பர் எழுதும் அப்பா, இதைக் கேட்டதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

வேலை என்னவோ சுலபம்தான். ஐம்பது நத்தைகளைப் பிடித்து, நகப்பூச்சால் பொட்டு வைத்து, குளத்திலேயே விட்டேன். மறுபடி பிடிக்கும்போது பொட்டில்லாதவை நிறைய வந்தால், குளத்தில் நத்தைகள் நிறைய என்று அர்த்தம்.

ஒன்றுகூட வரவில்லை. அப்படியென்றால், மொத்தக் குளத்திலும் மிஞ்சியிருப்பது அந்த ஐம்பதுதான்!

பேராசிரியைக்குப் போன் போட்டேன். "மேடம், ஒரு இனமே அழிஞ்சிட்டிருக்கு மேடம்!"

"எதையும் தொடாத. இதோ கிளம்பிட்டேன்" என்றார். இதுவரை அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "நீ நம்ம டிபார்ட்மென்ட்தானா?"

வாளியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொட்டு அச்சில் வார்த்ததுபோல அத்தனை வட்டம். சூரியனை வரைந்தால், "உருளைக்கிழங்கா?" என்று டீச்சர் கேட்ட கை இது! அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. அறிவியல் என்னைச் செதுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்கு நாலு பேர் பேட்டி எடுக்க வந்தால் எந்தச் சுடிதார் போடலாம் என்றுகூட யோசித்தாயிற்று.

தெருமுனையில் பேராசிரியையின் ஜீப் ஹாரன் கேட்டது. அதே நேரம் அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கண்ணு கலங்கியிருக்கு?"

பேசிவிட்டாரே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. "எல்லாத்துக்கும் பொட்டு இருக்குப்பா. பொட்டில்லாதது ஒண்ணுகூட இல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"நீ ஒத்தையா வெயில்ல காயறதப் பாக்க மனசு கேக்கல. மிச்சத்துக்கெல்லாம் நானே வெச்சு முடிச்சிட்டேம்மா!"