அறுபதைத் தாண்டினால்

“மட்டமான டயரை என் தலையில கட்டிட்டியேடா விஜய்பாண்டி! ரெண்டு தடவ சரிபண்ணியும் அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது. நாலையும் கழட்டிட்டுப் புதுசு மாட்டு. இல்லாட்டி போடி பஜார் பூராவும் சொல்லிப்புடுவேன்!”

பழனிசெட்டிபட்டி டயர் கடை வாசலில் நின்று கத்தினார் போடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பொன்னுராஜ். விஜய்பாண்டி கடை திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அண்ணாச்சி வாயில் விழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிகூட வராது.

“டயர் மட்டம்னா நாப்பதுலயே ஆடும் அண்ணாச்சி. ஒரு பக்கமா இழுக்கும், எங்கனயாச்சும் வீங்கியிருக்கும். கழட்டிப் பாத்துருவோம்.”

“பழைய டயர்ல நூறு போனேன்டா. வீரபாண்டி ஊருகிட்ட காரு வயக்காட்டுக்குள்ள எறங்குனப்பக்கூட ஸ்டியரிங் ஆடல!” அதையும் ஒரு பெருமையாகச் சொன்னார். “இப்ப டவுன் பஸ்ஸெல்லாம் என்னைய முந்துது. மானம் போகுது.”

விஜய்பாண்டி முன்சக்கரங்களைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழற்றினான். டயரில் ஒரு குறையும் இல்லை. சக்கரம் சீராகச் சுற்றுவதற்காக ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டிகளைத்தான் காணோம்.

“இது மூணாவது தடவ அண்ணாச்சி. இதெல்லாம் எங்கதான் போகுது?”

“என்னையக் கேட்டா? நீ ஒட்டுற லட்சணம் அப்படி!”

விஜய்பாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே கெட்டியான பசை போட்டு ஒட்டினான். “இனி விழுந்துச்சுன்னா நாலு டயரும் சும்மா மாத்தித் தாரேன்” என்று சவாலும் விட்டான். சொன்ன பிறகுதான் பகீரென்றது.

மூன்றாம் நாள் காலை, பொன்னுராஜின் மனைவி சொர்ணலதா ஆட்டோவில் வந்து இறங்கினார். விஜய்பாண்டி ஓடி வந்தான்.

“என்னக்கா, மறுபடியும் விழுந்துருச்சா?”

“இல்ல தம்பி. காரு உதறாம வழுக்கிக்கிட்டு ஓடுதாம். நேத்து நூத்திப்பத்துல வந்தாகளாம், சிரிச்சுக்கிட்டே சொல்றாக.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

சொர்ணலதா ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகும் கைப்பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். சடசடவென்று பன்னிரண்டு ஈயக்கட்டிகள் விழுந்தன.

“வீரபாண்டியில உசுரு தப்புனதே ஆண்டவர் கிருபை. நான் அழுது சொன்னாலும் கேக்கல, காரு உதறுனாத்தான் வேகத்தைக் கொறைக்கிறாக. இந்தத் தடவ கொறடு போட்டு இழுத்தும் வரமாட்டேங்குது தம்பி, நகம் பேந்ததுதான் மிச்சம். கொஞ்சம் லூசா ஒட்டிக் குடுங்களேன்!”